கவிழ்த்து வைத்த சிப்பி

மடவைக் காயலில் ஒரு நீர்க்காகம் இருந்தது. பேர் முத்துக்கருப்பன். ஆறு கடலைத் தொடுகிற இடத்தில், அலையாத்தி மரங்கள் சேற்றில் காலூன்றி நிற்கிற கரையில், தண்ணீருக்குள் பழைய மூங்கில் கம்பு ஒன்று நட்டு நிற்கும். அதன் உச்சிதான் அவன் இடம். முக்குளித்து எழுந்து வந்ததும் அங்கே உட்கார்ந்து இரண்டு இறக்கையையும் விரித்துக் காயப்போடுவான். பார்க்க, கொடியில் போட்ட கறுப்பு வேட்டி மாதிரி இருக்கும்.

பக்கத்தில் இன்னொரு கம்பும் உண்டு. அது காலி. அதில் யாரும் உட்காரக் கூடாது என்று எவரும் சொன்னதில்லை. ஆனாலும் யாரும் உட்கார மாட்டார்கள். அது அவன் பெண்சாதி வள்ளிக்கண்ணு உட்கார்ந்த கம்பு. போன வருஷத்துப் புயலில் கடல் பக்கம் போனவள் திரும்பி வரவில்லை.

அந்தக் காயலுக்குச் சட்டம் இருந்தது. சிரிக்காதீர்கள். மனுஷருக்கு மட்டும்தான் சட்டம் என்று யார் சொன்னது? பறவைகளின் சட்டம் நம்முடையதைவிட ரொம்பச் சுருக்கம், அவ்வளவுதான்.

ஐப்பசி மழையில் ஆறு பெருகி, முகத்துவாரத்து மணலை உடைத்துக்கொண்டு கடலோடு சேரும். அன்றைக்கு மீன்காலம் தொடங்கும். அதற்கு முந்தி ஒரு அலகும் தண்ணீரில் படக் கூடாது. வயிறு உப்பிய சினை மடவை மீன் அகப்பட்டால், எவ்வளவு பசித்தாலும் விட்டுவிட வேண்டும். பொழுது சாய்வதற்குள் ஒவ்வொரு பறவையும் நாச்சியார் முன்னால் வந்து அன்றைய பாட்டைச் சொல்லவேண்டும். பாடு என்றால் அன்றைக்குக் கிடைத்த மீன். ஒரு மீனுக்கு ஒரு சிப்பி, குழிப்பக்கம் மேலே பார்க்க, சேற்றில் வரிசையாக வைக்க வேண்டும்.

நாச்சியார் யார் என்று கேட்கிறீர்களா? பெரிய அலையாத்தி மரத்தடியில் வளை தோண்டிக் குடியிருந்த சேற்று நண்டு. அவள் மீன் பிடிக்கிறவள் இல்லை. அதனால்தான் அந்த வேலையை அவளிடம் கொடுத்திருந்தார்கள். சிப்பிகளை எண்ணி, நூறு மீனுக்கு ஒரு கீறல் என்று மரத்து வேரில் கொடுக்கால் போட்டுவைப்பாள். ஒன்று கூட்ட மாட்டாள், ஒன்று குறைக்க மாட்டாள்.

இவ்வளவும் சுலபம். கஷ்டமான சட்டம் ஒன்று இருந்தது. ஒன்றும் கிடைக்காமல் வெறும் அலகோடு திரும்பிய நாளிலும் வந்து சொல்ல வேண்டும். ஒரே ஒரு சிப்பியை எடுத்து, குழிப்பக்கம் சேற்றில் பதியக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒரே நாளில் பத்துச் சிப்பி கவிழ்ந்துவிட்டால் நாச்சியார் இரண்டு கொடுக்கையும் தூக்கிக் காட்டுவாள். அத்தோடு மீன்காலம் முடிந்தது. எல்லோரும் உள்நாட்டு ஏரிகளுக்குப் போய்விட வேண்டும். மிச்சம் இருக்கிற சினை மடவைகள் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போய் முட்டையிடும். அடுத்த மழைக்குப் பொடிமீன் காயலுக்குத் திரும்பி வரும். கூட்டில் குஞ்சு வைத்திருக்கிற தாய்க்கு மட்டும் விலக்கு. அவள் தங்கிக் குஞ்சுக்கு வேண்டியதைப் பிடிக்கலாம்.

நல்ல சட்டம்தான். ஆனால் நாலு பேர் பார்க்க ஒரு சிப்பியைக் கவிழ்த்து வைப்பது இருக்கிறதே, அது எல்லோருக்கும் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது.

முத்துக்கருப்பனுக்கு அந்தக் கஷ்டம் பல வருஷம் வந்ததே இல்லை. அவனும் வள்ளிக்கண்ணுவும் சேர்ந்து இருந்த காலம் அப்படி. வெள்ளி வருஷம் என்று ஒன்று வந்தது. காலையில் காயலைப் பார்த்தால் தண்ணீர் தெரியாது, மடவைகளின் முதுகுதான் தெரியும். நீர்க்காகங்கள் கரைக்குக் கரை ஒரே வரிசையாக நிற்கும். ஒரு முனையில் முத்துக்கருப்பன், மறு முனையில் வள்ளிக்கண்ணு. அவன் ஒரு குரல் கொடுப்பான். அந்தப் பக்கத்திலிருந்து அவள் ஒரு குரல் கொடுப்பாள். வரிசை முழுக்க இறக்கையால் தண்ணீரை அடித்துக்கொண்டு முன்னேறும். மீன்கூட்டம் மிரண்டு ஆழமில்லாத பக்கம் ஓடும். அங்கே கூழைக்கடாக்கள் அலகுப் பையைத் திறந்துகொண்டு காத்திருக்கும். கரையோரம் கொக்குகள். எல்லாருக்கும் கிடைத்தது. யாரும் யாரோடும் சண்டை போட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை.

பொழுது சாயும்போது இரண்டு பேரும் சேர்ந்து வந்து சிப்பி வைப்பார்கள். அவனுக்கு ஆறு, அவளுக்கு ஆறு. அநேகமாக எல்லா நாளும் இதே கணக்கு. அவன் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், அவன் வரிசையிலிருந்து ஒரு சிப்பியை அலகால் தள்ளித் தன் வரிசையில் சேர்த்துக்கொள்வாள். அவனுக்கு ஐந்து, தனக்கு ஏழு. பிறகு, "இன்னைக்கும் நான்தான் ஜெயிச்சேன்" என்பாள். அவன் ஓரக்கண்ணால் பார்த்திருப்பான். பார்க்காதது போலத் தலையைச் சொறிந்துகொள்வான். மொத்தம் பன்னிரண்டுதானே, நாச்சியாருக்கு அதில் என்ன நஷ்டம்?

அவள் போன பிறகு வந்த முதல் மீன்காலம் இது. ஐப்பசியில் மணல் உடைந்தது. முதல் நாள் அவன் தனியாக முக்குளித்தான். நாலு மீன் கிடைத்தது. ஒற்றை ஆளுக்கு அது மோசமில்லை. சாயங்காலம் நாச்சியார் முன்னால் வந்தான். நாலு சிப்பி வைத்தான். ஐந்தாவது வைத்தான். ஆறாவதும் வைத்தான். அப்புறம் ஒரு அடி தள்ளி நின்று, இன்னொரு வரிசை தொடங்கி, அதிலும் ஆறு வைத்தான். வேண்டுமென்று செய்தானா, அலகு பழக்கத்தில் செய்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பன்னிரண்டு சிப்பியையும் பார்த்தபோது அவன் மனசு கொஞ்சம் ஆறியது. அது மட்டும் தெரியும்.

நாச்சியார் எண்ணினாள். பன்னிரண்டா என்று கேட்டாள்.

"எப்பவும் போலத்தான்" என்றான் முத்துக்கருப்பன்.

அவள் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். எண்ணுவதுதான் அவள் வேலை.

துக்கத்தில் ஒருவன் செய்தது அவனோடு நின்றிருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்ல வந்திருக்க மாட்டேன். ஆனால் பின்னால் வெள்ளைச்சாமி என்ற கொக்கு நின்றுகொண்டிருந்தது. அதற்கு அன்றைக்குக் கிடைத்தது இரண்டே இரண்டு பொடிமீன். ஒற்றை ஆளாக ஒருவன் பன்னிரண்டு வைத்திருக்கும்போது, தான் இரண்டு வைப்பதா? வெள்ளைச்சாமி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஏழு வைத்தது. கொக்கே ஏழு வைத்தால் மீன்கொத்தி எதில் குறைச்சல்? அது ஒன்பது வைத்தது. அப்படியே வரிசையாக வந்த இருபத்தைந்து பேரும் ஆளுக்கொன்றாக ஏற்றிக்கொண்டே போனார்கள். திருட்டுத்தனமாக மீன் பிடித்துவிட்டுக் குறைத்துச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இதுகள் பிடிக்காத மீனைப் பிடித்ததாகச் சொன்ன பிறவிகள். வீறாப்பு வந்துவிட்டால் வயிறுகூட ரெண்டாம்பட்சம்தான்.

கார்த்திகையில் பையம்மாள் என்ற கூழைக்கடா நாச்சியாரைத் தேடி வந்தாள். அவளுக்கு ஒரு பெரிய கவலை. போன வருஷம் உள்நாட்டு ஏரி ஒன்றில் கூடு கட்டினாள். குஞ்சு பறக்கப் பழகுமுன் ஏரி வற்றிவிட்டது. ஒரு குஞ்சுகூடத் தங்கவில்லை. இந்த வருஷம் காயலிலேயே கட்டலாமா, இல்லை வேறு ஏரி பார்க்கலாமா என்று தெரியாமல் தவித்தாள். இடத்தைத் தேர்ந்துவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது. முட்டையையும் பறக்காத குஞ்சையும் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

வேரில் எத்தனை கீறல் என்று கேட்டாள். இருபது இருந்தாலே மூன்று குஞ்சு வளர்க்கத் தாங்கும் என்பது கூழைக்கடாக்களின் கணிப்பு.

"முப்பத்தொண்ணு" என்றாள் நாச்சியார்.

பையம்மாளுக்கு நம்பவே முடியவில்லை. இரண்டு தடவை தானே எண்ணிப் பார்த்தாள். முப்பத்தொன்றுதான். பெரிய அலையாத்தி மரத்து உச்சியில் அன்றைக்கே குச்சி அடுக்கத் தொடங்கினாள்.

போகிற வழியில் முத்துக்கருப்பனைப் பார்த்தாள். அவன் இறக்கையை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தான். கீழே தண்ணீரில் மிதந்தபடி நன்றி சொன்னாள். "நீங்க வைக்கிற சிப்பியைப் பார்த்துத்தான் அண்ணே எனக்குத் தைரியமே வந்துச்சு. அண்ணி இல்லாமலும் நீங்க ஒருத்தரா இவ்வளவு பிடிக்கறீங்கன்னா, காயல் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?"

அவன் அப்போதே சொல்லியிருக்கலாம். அம்மா தாயே, அதில் பாதி வள்ளிக்கண்ணுவுக்கு வைத்தது, என் பாதியிலும் பாதி பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் வேறு ஏரிக்குப் போயிருப்பாள். சொல்ல வாயைத் திறந்தான். பக்கத்துக் கம்பைப் பார்த்தான். இறக்கையை இன்னும் கொஞ்சம் விரித்துக்கொண்டு, பேசாமல் இருந்துவிட்டான்.

மார்கழியில் பையம்மாள் மூன்று முட்டை இட்டாள். தையில் மூன்றும் பொரிந்தன. முடியில்லாத, விகாரமான, எப்போதும் கத்துகிற மூன்று குஞ்சுகள். அவளுக்கு அவை அழகாகத்தான் இருந்தன. பெற்றவளிடம் போய் வேறு மாதிரி சொல்லிவிட முடியுமா?

மாசி பிறந்தது. மீன் குறைந்தது. மெதுவாகக்கூட இல்லை, திடுதிப்பென்று குறைந்தது. பையம்மாள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அலைந்தாலும் ஒரு குஞ்சுக்குப் போதுமான மீன் கிடைக்கவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் மரத்தடியில் பார்த்தால் சிப்பி வரிசை நீளமாகத்தான் இருந்தது. எல்லோருக்கும் கிடைக்கிறது, எனக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். கண் மங்கிவிட்டதோ, வயசாகிவிட்டதோ என்று பயந்தாள்.

முத்துக்கருப்பனும் வெறும் அலகோடு வந்த நாள் ஒன்று வந்தது. காலையிலிருந்து நாற்பது தடவை முக்குளித்தும் ஒரு செதில்கூட அகப்படவில்லை. சாயங்காலம் ஒரு சிப்பியை அலகில் எடுத்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். கவிழ்க்க வேண்டியதுதான். ஆனால் தன் சிப்பியைக் கவிழ்த்தால் அவள் வரிசையையும் என்ன செய்வது? வள்ளிக்கண்ணு உயிரோடு இருந்தவரை ஒரு நாளும் வெறும் அலகோடு வந்ததில்லை. அவள் பேருக்குக் கவிழ்ந்த சிப்பியா? அவனுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. இங்கே ஆறும் அங்கே ஆறும் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

உண்மையைச் சொன்னால் அன்றைக்குப் பதினாலு சிப்பி கவிழ்ந்திருக்க வேண்டும். ஒன்றுகூடக் கவிழவில்லை. நாச்சியார் கொடுக்கைத் தூக்கவில்லை. மீன்காலம் திறந்தே கிடந்தது. பசி தாங்காமல், யாரும் பார்க்காதபோது, சினை மடவையையும் சிலர் விழுங்கத் தொடங்கினார்கள். ஒரு மடவையோடு எத்தனை ஆயிரம் மீன் உள்ளே போகிறது என்று விழுங்குகிறபோது யாரும் நினைப்பதில்லை.

ஒருநாள் விடியற்காலையில் பையம்மாளின் கடைக்குட்டிக் குஞ்சு கழுத்தைத் தொங்கப்போட்டது. அவள் மீன் தேடிப் போய்த் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மற்ற இரண்டும் கத்தக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தன.

அன்றைக்குச் சாயங்காலம் எல்லோரும் சிப்பி வைத்துக்கொண்டிருந்தபோது பையம்மாள் மரத்தடியில் வந்து இறங்கினாள். அழவில்லை. நாச்சியாரிடம் வேரைக் காட்டிக் கேட்டாள். இந்தக் கீறலை நம்பித்தானே கூடு கட்டினேன், கீறல் இத்தனை இருக்க என் குஞ்சு ஏன் பட்டினியில் செத்தது என்று கேட்டாள். வைத்ததை எண்ணினேன் என்றாள் நாச்சியார்.

பையம்மாள் முத்துக்கருப்பன் பக்கம் திரும்பினாள். அவன் முன்னால் பன்னிரண்டு சிப்பி ஈரமாக மின்னிக்கொண்டிருந்தன.

"பன்னிரண்டு பிடிச்சிருக்கீங்க அண்ணே. அதுல ஒண்ணே ஒண்ணு குடுங்க. இன்னும் ரெண்டு உசுரு மேல கிடக்கு."

அவன் தன் சிப்பிகளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் வெள்ளைச்சாமியிடம் போனாள். ஏழு சிப்பி வைத்திருந்த கொக்கு, எல்லாவற்றையும் தின்றுவிட்டேனே என்று முணுமுணுத்தது. தின்றால் என்ன, பறவைக்குக் கக்கிக் கொடுக்கத் தெரியாதா என்று கேட்டாள். வெள்ளைச்சாமிக்கு மறுக்க வழியில்லை. கழுத்தை வளைத்து, கண்ணை மூடி, முக்கி முனகிக் கக்கியது. சேற்றில் வந்து விழுந்தது ஒரு இறாலின் கால். அதுவும் பழையது. வேறு நாளாக இருந்தால் காயலே சிரித்திருக்கும்.

அவள் மீன்கொத்தியைப் பார்த்தாள். மீன்கொத்தி தலையைத் திருப்பிக்கொண்டது. வரிசை நெடுக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனாள். சேறு முழுக்கச் சிப்பி கிடந்தது. ஒரு மீன் இல்லை.

அப்போது முத்துக்கருப்பன் குனிந்தான். தன் வரிசையிலிருந்து ஆறு சிப்பியையும் தள்ளிவிட்டு, ஒன்றை மட்டும் எடுத்துக் கவிழ்த்து வைத்தான்.

"இன்னைக்கு எனக்கு ஒண்ணும் கிடைக்கல" என்றான். "நேத்தும் இல்ல. கிடைச்ச நாள்லயும் நான் சொன்ன அளவுக்குக் கிடைக்கல."

அதோடு நிறுத்தவில்லை. ஒரு அடி தள்ளிப் போனான். பக்கத்து வரிசையிலும் ஆறைத் தள்ளிவிட்டு, ஒரு சிப்பியை அலகில் எடுத்தான். மெல்ல அதையும் கவிழ்த்தான்.

"வள்ளிக்கண்ணுவுக்கும் ஒண்ணும் கிடைக்கல. அவ வரவே இல்ல. இந்தக் காலம் பூராவும் அவ வரல."

பையம்மாள் அவன் பக்கத்தில் வந்து நின்றாள். அவளும் அன்றைக்கு ஒன்றை இழந்தவள்தானே.

பிறகு வெள்ளைச்சாமி தன் ஏழையும் கலைத்துவிட்டு ஒன்றைக் கவிழ்த்தது. மீன்கொத்தி கவிழ்த்தது. ஒருவர் தொடங்கிவிட்டால் போதும் போலிருக்கிறது. வரிசை முழுக்க டக்டக்கென்று சிப்பி கவிழும் சத்தம் கேட்டது. நாச்சியார் வளையை விட்டு வெளியே வந்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். இருபத்தாறு. வள்ளிக்கண்ணுவின் சிப்பிக்கு வந்தபோது நின்றாள். அதை எண்ணாமல், உடையாமல் பிடித்துக்கொண்டு போய், முத்துக்கருப்பன் காலடியில் வைத்தாள்.

"இது கணக்குல வராது தம்பி. இது உனக்கு. நானும் தப்பு செஞ்சவதான். எண்ணத் தெரிஞ்ச எனக்கு, உங்க வயிறு ஒட்டிக் கிடந்ததைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கத் தெரியாமப் போச்சு."

சொல்லிவிட்டு இரண்டு கொடுக்கையும் தலைக்கு மேலே தூக்கினாள். மீன்காலம் முடிந்தது.

அந்தப் பொழுதிலேயே எல்லோரும் கிளம்பியிருக்க வேண்டும். முத்துக்கருப்பன் மட்டும் ஒரு விஷயம் கேட்டான். சட்டப்படி தாய்க்கு மீன் பிடிக்க அனுமதி உண்டு. மற்றவர்கள் பிடிக்கத்தான் கூடாது. அவள் பக்கம் மீனை ஓட்டிவிடலாம் அல்லவா? நாச்சியார் கொஞ்சம் யோசித்தாள். ஓட்டக் கூடாது என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை என்றாள்.

அவ்வளவுதான். நீர்க்காகங்கள் தண்ணீரில் இறங்கிக் கரைக்குக் கரை வரிசை கட்டின. நீந்தத் தெரியாத கொக்கும் மீன்கொத்தியும் ஓரத்தில் நின்று இறக்கையை அடித்தன. ஒரு முனையில் முத்துக்கருப்பன். மறு முனையில், வள்ளிக்கண்ணு நின்ற இடத்தில், வேறொரு நீர்க்காகம். முத்துக்கருப்பன் குரல் கொடுத்தான். அந்தப் பக்கமிருந்து பதில் குரல் வந்தது. அது அவள் குரல் இல்லை. ஆனாலும் பதில் வந்தது. வெள்ளி வருஷத்துக்குப் பிறகு அப்படி ஒரு முழு வரிசை அந்தக் காயலில் அன்றைக்குத்தான் நீந்தியது.

எல்லோருக்கும் காலி வயிறு. கண்ணுக்கு முன்னாலேயே மீன் துள்ளியது. ஒரு அலகும் திறக்கவில்லை. வயிறு உப்பிய மடவைகள் எதிரே வந்தபோது வரிசை நடுவில் பிரிந்து வழிவிட்டது. அவை முகத்துவாரத்தைப் பார்த்துப் போய்விட்டன. மிச்சம் இருந்த சின்ன மீன்கள் ஆழமில்லாத பக்கம் ஓடின. பையம்மாள் பையைத் திறந்துகொண்டு அங்கே காத்திருந்தாள். பதினொரு மீன் விழுந்தது. அவள் நிமிர்ந்து பார்க்காமல் நேரே கூட்டுக்குப் பறந்தாள். கொஞ்ச நேரத்தில் மரத்து உச்சியிலிருந்து அந்த விகாரமான கத்தல் கேட்டது. அதைக் கேட்ட பிறகுதான் எல்லோரும் ஏரிகளைப் பார்த்துப் பறந்தார்கள்.

அத்தனை வாயும் போன பிறகு, காயலில் தங்கிய பொடிமீன் ஒரு தாய்க்கும் இரண்டு குஞ்சுக்கும் போதுமானதாக இருந்தது. மயிரிழையில்தான். ஆனால் போதுமானதாக இருந்தது.

அடுத்த ஐப்பசியில் மணல் உடைந்தது. கடலிலிருந்து மடவைக் குஞ்சுகள் உள்ளே வந்தன. வெள்ளி வருஷம் மாதிரி இல்லை. அது இனி வருமோ வராதோ, யாருக்குத் தெரியும்? ஆனால் வந்தன. தப்பிப் போன ஒவ்வொரு சினை மடவைக்கும் நான் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

முத்துக்கருப்பன் ஏரியிலிருந்து திரும்பி வந்தபோது, பக்கத்துக் கம்பில் ஒரு இளம் கூழைக்கடா உட்கார்ந்திருந்தது. பையம்மாளின் பிழைத்த குஞ்சுகளில் ஒன்று. வளர்ந்து, சிறகு முளைத்து, ஆனால் அந்தக் கம்பு யாருடையது என்று தெரியாமல், கனத்த உடம்போடு தள்ளாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கரையில் இருந்தவர்கள் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பையம்மாள் பதறிப்போய்க் குஞ்சை அதட்ட வந்தாள்.

"இருக்கட்டும்மா" என்றான் முத்துக்கருப்பன். "காலியாவே எத்தனை நாள் கிடக்கும்?"

முதல் நாள் அவனுக்கு ஒரே ஒரு மீன் கிடைத்தது. ஒரு சிப்பி வைத்தான். இரண்டாம் நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து, ஒரு சிப்பியைக் கவிழ்த்து வைத்து, நாச்சியார் கேட்கும்படி உரக்கச் சொன்னான். அவனைப் பார்த்து வெள்ளைச்சாமியும் உள்ளது உள்ளபடி இரண்டு வைத்தது. நாச்சியார் அன்றைக்குக் காலடியில் வைத்த வள்ளிக்கண்ணுவின் சிப்பியை மட்டும் அவன் தன் கம்பின் அடியில், சேற்றில் பதித்து வைத்திருக்கிறான். அதைக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

கிடைத்ததைச் சொல்ல எல்லோருக்கும் வாய் உண்டு. கிடைக்காத நாளைக் கூச்சப்படாமல் உள்ளபடி சொல்கிறவனால்தான் அடுத்தவன் குஞ்சு பிழைக்கும்.